முசியேவுக்குப் பாதி

நெல்லித்தோப்பு வீட்டுக்கு நாங்கள் குடிபோன அன்று, நானும் மினிலாரிக்காரரும் பீரோவை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு அம்மாள் பன் தின்றுகொண்டே வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த பன்னைப் பிய்த்து ஒரு துண்டை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"புடி தம்பி. கடிக்காத பக்கந்தான்."

"ரெண்டு கையும் பீரோல இருக்குதுங்க."

"அதனாலதான் வாய்கிட்ட நீட்டறேன்."

முன்பின் தெரியாத ஒருவர் ஊட்டிவிட்டு நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. மீதித் துண்டு லாரிக்காரருக்குப் போனது. அந்த அம்மாளுக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. தோள்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, படி திரும்புகிற இடத்தில் பீரோ இடிக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இடித்தது.

தெருவுக்கே அவர் அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒரே தம்பி, சொல்தா வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். தம்பி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார், பெட்டி நிறைய டின்களோடு.

அக்காவிடம் ஒரு பழக்கம். பழக்கம் என்று நான் சொல்கிறேன். என் மனைவி அதை வியாதி என்பாள். எதைத் தின்றாலும் எதிரில் இருக்கிறவருக்குப் பாதி கொடுக்காமல் அவரால் விழுங்க முடியாது. மாடிப்படி அவர் வாசலை ஒட்டித்தான் ஏறும். அலுவலகம் விட்டு வருகிற என் கையில் பாதிக் கொய்யா, பாதி வடை, ஒரு தடவை பாதி ஆம்லெட் என்று ஏதாவது வந்து விழும். தட்டுகூட இல்லாமல்.

"கண்ணு பட்டுடும்னு குடுக்கறீங்களாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. நீ பாத்துக்கினு நிக்கும்போது எனக்குத் தொண்டையில எறங்கல. அவ்ளோதான்."

"நான் பாக்கலையே. படியேறிப் போய்க்கினு இருந்தேன்."

"நான் உன்ன பாத்தேன் இல்ல?"

நான் வாங்கிக் கடித்துக்கொண்டே மேலே போனேன்.

கம்பெனியில் இதற்கென்று ஒரு கதை இருந்தது. வெளியூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்திருக்கிறார். எல்லோரும் விறைத்து நிற்கிறார்கள். சாப்பாட்டு நேரம் முடியவில்லை, அக்கா கையில் வாழைப்பழம். அதிகாரி நேராக இவர் முன்னால் வந்து நிற்கவும், இவர் பழத்தை இரண்டாக ஒடித்து நீட்டிவிட்டார். சூப்பர்வைசருக்கு உயிர் போய்விட்டது. அதிகாரி அரை நிமிஷம் அந்தப் பழத்தையே பார்த்தாராம், பிறகு வாங்கித் தின்றாராம். "பாவம், காலைல சாப்பிடாம வந்திருப்பாரு" என்று அக்கா அதோடு கதையை முடித்துக்கொள்வார்.

ஆனால் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. பித்தப்பைக் கல்லுக்காக அக்கா அங்கே படுத்திருந்தார். ஆபரேஷனுக்கு முதல் நாள், சாப்பிடலாம் என்று சொல்லியிருந்த நேரத்தில், என் மனைவி கேசரி செய்துகொண்டு போனாள். அடுத்த கட்டிலில் ஒரு வயதான அம்மாள், சர்க்கரை வியாதிக்காரர். டப்பாவைத் திறந்த கையோடு அக்கா பாதியை அந்தக் கட்டிலுக்குத் தள்ளிவிட்டார். சாயந்தரம் நர்ஸ் வந்து சோதித்துவிட்டுப் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

"நான் துன்றதத்தான குடுத்தேன்? எனக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார். அடம் பிடித்துக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அது விளங்கவில்லை. தன் வயிற்றில் நல்லபடியாகத் தங்குவது இன்னொருவர் வயிற்றில் எப்படிக் கெடுதலாகும்? மனைவி வீட்டுக்கு வந்து, "இந்த அக்கா என்னைக்காவது யாரையாவது சாப்பாடு போட்டே கொல்லப் போறாங்க" என்றாள். நான் அவளைக் கடிந்துகொண்டேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் முசியே வந்தான். மழைக்கு ஒதுங்கிய தெருநாய். தவிட்டு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவன் வாசலில் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து, லீவுக்கு வந்திருந்த தம்பிதான் "போன்ஜூர் முசியே" என்று, துரைக்கு வைப்பதுபோலப் பிரெஞ்சில் சலாம் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு நாய் ஆகாது. சிறுவயதில் கடிபட்டவன். முசியே அதைத் தெரிந்துகொண்டவன் மாதிரி, நான் படியேறும்போது மட்டும் எழுந்து நின்று வழி விடுவான். அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்களுக்கெல்லாம் பாதி கொடுத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு முசியே வந்தது ரொம்ப வசதியாகப் போனது. நாங்கள் போதும் என்போம், வேண்டாம் என்போம், வயிறு சரியில்லை என்போம். முசியே ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. இட்லியில் பாதி, தோசையில் பாதி, மீன் வறுவலில் முள் எடுத்த பாதி. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் அக்கா ஒருசந்தி இருப்பார், ஒரு வேளைதான் சாப்பாடு. அன்றைக்கு அவனுக்கும் ஒரு வேளைதானா என்று கேட்டேன்.

"அவன் ஞானஸ்நானம் வாங்கல. அவனுக்கு ஒருசந்தி கெடையாது" என்றார். அந்த ஒரு நாள் மட்டும் அவன் தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு வருத்தமாம். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார்.

சாயந்தரங்கள் மல்லாட்டைக்கானவை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, குளித்து, ஒரு கிண்ணம் அவித்த மல்லாட்டையோடு அக்கா வாசலில் உட்காருவார். தோலை உரித்து ஒரு பருப்பு தனக்கு, ஒரு பருப்பு அவனுக்கு. அவன் தன் முறைக்காகக் கிண்ணத்தைப் பார்க்கமாட்டான், அக்காவின் வாயைப் பார்ப்பான். அவர் மென்று முடித்தால் அடுத்தது தனக்கு என்று கணக்கு.

நாய்க்கு மல்லாட்டை ஆகுமா ஆகாதா என்பது தெருவில் பெரிய பட்டிமன்றம். ஆகாது, சொறி பிடிக்கும் என்றது ஒரு கட்சி. நரி தின்கிறதே, நாய் தின்றால் என்ன என்றது இன்னொரு கட்சி. எதிர்வீட்டில் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். முசியே குரைப்பது அவருடைய மத்தியானத் தூக்கத்துக்கு எமன். "மல்லாட்டையக் குடுத்துக் கொழுக்க வெச்சா கொலைக்காம என்ன செய்யும்?" என்பது அவர் கட்சி. கடைசியில் தடுப்பூசி போடப் போன இடத்தில் அக்கா டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டார். உப்புப் போடாமல், தோல் இல்லாமல், கொஞ்சமாகக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, முந்திரியும் உப்பில்லாமல் இரண்டொன்று கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"கேட்டுக்கினியா? டாக்டரே சொல்லிட்டாங்க" என்று தெரு முழுக்கப் பறை அறையாத குறை. அந்தக் 'கொஞ்சமாக' மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

அடுத்த முறை தம்பி வந்து போனபோது விட்டுச்சென்ற டின்களில் ஒன்று புது தினுசு. உள்ளே கோலிக்குண்டு மாதிரி உருண்டையான வெள்ளைப் பருப்புகள். மேலே எழுதியிருந்தது பிரெஞ்சு. அக்கா போனில் தம்பியைக் கேட்டார். "அது ஒரு மாதிரி முந்திரிதாங்கா, சாப்பிடு" என்றார் அவர். அன்றிலிருந்து அதற்குப் பிரான்ஸ் முந்திரி என்று பெயர். மல்லாட்டை ஆகும், முந்திரி ஆகும், அப்புறம் பிரான்ஸ் முந்திரிக்கு என்ன? எனக்கும் இரண்டு வந்தது. வெண்ணெய் மாதிரி கரைந்தது. நல்ல பண்டம்தான்.

டின்னைத் திறந்து வைத்தால் நமுத்துப் போகும் என்று அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் வாசலில் உட்கார்ந்து அதைக் காலி செய்தார். ஒன்று தனக்கு, ஒன்று அவனுக்கு. மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது.

மறுநாள் காலையில் அக்காவின் அலறல் கேட்டுக் கீழே ஓடினேன். முசியே வாசலில் கிடந்தான். முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்க்கிறான். பின்பாதி வரவில்லை. ஈரத் துணி மாதிரி துவண்டு கிடக்கிறது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் என்னைப் பார்த்துவிட்டு, வழி விடுவதற்காக நகரப் பார்த்தான். அதுவரை எனக்கு நாய்மேல் இல்லாத ஒன்று அப்போது வந்தது. அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

"வெஷம் வெச்சிட்டாங்க தம்பி! எம்புள்ளைக்கு வெஷம் வெச்சிட்டாங்க!"

யார் என்று யாரும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் போன வாரம்தான், "இந்த நாய்க்கு ஒரு வழி பண்றேன் பாரு" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியிருந்தார். அவர் இப்போது பல்துலக்கும் பிரஷோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்கா தெருவைக் கடந்து போய் அவர் முன்னால் நின்றார்.

"அது என்னா பண்ணுச்சு உங்கள? வாயில்லா சீவன்! உங்க கையி வெளங்குமா?"

"மா, நான் ஒண்ணும் பண்ணல மா. சத்தியமா..."

"சத்தியம் பண்ணாதீங்க!"

தெரு முழுக்க அக்கா பக்கம்தான் நின்றது. நானும்தான். அவர் பிரஷைக் கையில் பிடித்தபடி, வாயில் நுரையோடு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆட்டோவில் முசியே அக்காவின் மடியிலும், அவன் பின்னங்கால்கள் என் மடியிலுமாகப் போனோம். டாக்டரம்மா சின்ன வயதுப் பெண். தொட்டுப் பார்த்தார், சுரம் பார்த்தார், பின்னங்காலைக் கிள்ளிப் பார்த்தார்.

"நேத்து என்ன சாப்பிட்டான்?"

"நான் சாப்பிட்டததான் மா."

"நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

அக்கா சொல்லிக்கொண்டே போனார். பிரான்ஸ் முந்திரி வந்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் மனைவிக்குப் போன் செய்தேன். அவள் குப்பைக் கூடையிலிருந்து டின்னை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினாள். டாக்டர் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"இது முந்திரி இல்லம்மா. மக்காடாமியா. மனுசங்களுக்கு ஒண்ணும் செய்யாது. நாய்க்கு ஆவாது. இந்த மாதிரி பின்னங்கால் துவண்டுபோகும், நடுக்கம் வரும், சுரம் வரும்."

"வெஷமா?"

"நாய்க்கு விஷம்தான். ஆனா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தேறிடுவாங்க. டிரிப்ஸ் போடறேன். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்றது அக்காவின் காதில் விழுந்ததா என்று தெரியாது. அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கையாலயா?" என்றார். "நான் துன்றதத்தான மா குடுத்தேன்?"

கதிர்காமத்தில் கேட்ட அதே கேள்வி. நர்ஸ் அன்று திட்டிவிட்டுப் போனார். இந்தப் பெண் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, எது ஆகும், எது ஆகாது என்று நிதானமாகச் சொன்னார். திராட்சை ஆகாது, உலர்ந்த திராட்சை கிஞ்சித்தும் ஆகாது, கிட்னி போய்விடும். வெங்காயம் பூண்டு ரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட், ஜாதிக்காய், சாராயம் கூடாது. வால்நட், பாதாம், பிஸ்தா வேண்டாம். உப்புப் போட்ட பருப்பு எதுவுமே வேண்டாம். மல்லாட்டை நாலு பருப்போடு சரி. அக்கா உதட்டை அசைத்து ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டார், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி.

மறுநாள் சாயந்தரம் முசியே எழுந்து நின்றான். அதற்கு மறுநாள் நடந்தான். அவன் நடந்த அன்று அக்கா எதிர்வீட்டுக்குப் போனார். ஒரு வாசலுக்கும் அவர் வெறுங்கையோடு போய் நான் பார்த்ததில்லை. அன்று வெறுங்கையோடு போனார்.

"அண்ணே, நான்தான் குடுத்துட்டேன். உங்க மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிக்குங்க."

அவர் நல்ல மனிதரோ கெட்ட மனிதரோ, காயம்பட்ட மனிதர். "சரி" என்று மட்டும் சொன்னார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. 

அதற்குப் பிறகு ஒரு மாதம் போல எங்கள் படிக்கட்டு எனக்குப் பிடிக்காமல் போயிற்று. கீழ்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. அக்கா உள்ளே தாழ் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. முசியேவுக்கு டாக்டர் சொன்ன சோறும் கறியும் தனித் தட்டில் வந்துவிடும். அவன் அதைத் தின்றுவிட்டு, சாத்திய கதவில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்துக்கிடப்பான். வயிறு நிறைந்திருந்தும் படுத்துக்கிடப்பான். அந்த வீட்டைக் கடந்து மேலே போகும்போதெல்லாம் என் கை சும்மா இருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஓசியில் தின்று பழகிய கை என்று மனைவி கிண்டல் செய்தாள். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது, எனக்குத் தெரியும்.

அக்கா இளைத்துப் போனார். தாழ் போட்டாலும் தொண்டையில் இறங்கவில்லை போலிருக்கிறது.

ஒரு நாள் கதவு திறந்திருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார். ஒரு துண்டு தனக்கு, ஒரு துண்டு அவனுக்கு. என்னைப் பார்த்ததும், "தம்பி, உனக்குக் கெழங்கு ஒத்துக்குமா?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் கேட்டுவிட்டுக் கொடுத்தது அன்றுதான். ஒத்துக்கும் என்றேன். வாயுத் தொல்லை உண்டு, இருந்தாலும் சொன்னேன்.

மறுவாரம் மனைவிதான் கண்டுபிடித்தாள். தள்ளுவண்டிக்காரரிடம் அக்கா வெங்காயம் வாங்குவதில்லை.

"என்னக்கா, வெங்காயமே வேணாங்கறீங்க?"

"அவனுக்கு ஆவாது."

"அவனுக்குத்தானக்கா ஆவாது? உங்களுக்கு என்னா?"

"அவன் பாத்துக்கினு இருக்கும்போது நான் மட்டும் எப்பிடிம்மா துன்றது? குடுக்காமயும் துன்ன முடியல, குடுக்கவும் முடியல. அவனுக்கு ஆவாதது நமக்கும் வேணாம்னு வுட்டுட்டேன். இப்ப நிம்மதியா எறங்குது."

சொன்னபடியே விட்டுவிட்டார். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், உப்புப் போட்ட முந்திரி, எல்லாம். வெங்காயம் பூண்டு இல்லாத கறிக்குழம்பை நான் அந்த வீட்டில்தான் சாப்பிட்டேன். சைவ மடத்துக் கறிக்குழம்பு என்று அதற்குப் பெயர் வைத்தேன். அக்கா கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு கரண்டி ஊற்றினார். வாய் துடுக்காகப் பேசினேனே தவிர, இப்படி ஒருவர் எனக்காக ஒரு மிளகாயையாவது விட்டிருப்பாரா என்று மேலே போய் யோசித்தேன்.

கிறிஸ்மஸ் வந்தது. எங்கள் ஊரில் அந்தப் பண்டிகைக்கு விவிக்கம் என்று ஒரு கேக் செய்வார்கள். ரவையும் வெண்ணெயும் முட்டையும் போட்டு, நாள்கணக்கில் ரம்மில் ஊறிய திராட்சையும் முந்திரியும் பழத்தோலும் ஜாதிக்காயும் கலந்து, கறுக்கச் சிவக்கச் சுட்டு எடுப்பார்கள். வீட்டுக்கு வீடு தட்டு போகும், தட்டு வரும். அந்த வருஷம் அக்காவின் தட்டில் வந்த கேக் வெளுப்பாக இருந்தது. திராட்சை இல்லை, ரம் இல்லை, ஜாதிக்காய் இல்லை. சர்க்கரையும் குறைவு. வாயில் போட்டால் ரவை உப்புமா தப்பித்து வந்து கேக் வேஷம் கட்டியது போலிருந்தது. தெருவில் ஒருவர்கூட அவரிடம் குறை சொல்லவில்லை. என் மனைவி, "நல்லா இருக்குக்கா" என்று பொய் சொன்னாள்.

அக்கா கடைசியாக எதிர்வீட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். முசியே பின்னாலேயே போய்க் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டான். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மென்றார். மறுபடி மென்றார்.

"என்னம்மா, இந்த வருசம் திராட்ச போடலியா?"

"எல்லாரும் சாப்புடணும் இல்லண்ணே."

அவர் கீழ்ப்படியைப் பார்த்தார். முசியே அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், அவர் மென்று முடிக்கட்டும் என்று. அவர் கையில் இருந்த கேக்கில் கடிக்காத பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மெதுவாகக் குனிந்தார்.